பன்னிரண்டு காலி டிரம்கள்

போன வருடம் மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சூளகிரிக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலையை விட்டு மண் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போனால் எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அங்கேதான் இது நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதில் நான் நல்லவனாக வரமாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். மத்திகிரியில் வாடகை வீடு. ஆறு நாள் மெஷின் சத்தம், ஏழாவது நாள் அந்த நிலம், அதுதான் என் வாரம். கொஞ்சம் பீன்ஸ், கொஞ்சம் தக்காளி, நான்கு வரிசை ரோஜா. லாபம் என்று கேட்டால் என் மனைவி சிரிப்பாள். ஆனால் செடிகளுக்கு நடுவில் நிற்கும்போது எனக்குப் பெரிய ஜமீன்தார் என்று நினைப்பு.

மண்வெட்டி, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், சொட்டுநீர்க் குழாய், உர மூட்டை எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாய்க்கு அடியில்தான் போட்டு வைத்திருந்தேன். ஒரு மழையில் உரம் கல்லாகிவிட்டது. அடுத்த மாதம் ஸ்பிரேயரை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சின்னதாக ஒரு ஷெட் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அதுவும் புதுச் சாமான் ஒன்றுகூட வாங்காமல்.

"ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்கே மூணு கடை ஏறி இறங்கற ஆளு, ஷெட்டு கட்டப் போறீங்களாக்கும்" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. நான் அப்படித்தான். பேரம் பேசி வாங்கியதைத்தான் சந்தோஷமாகப் பயன்படுத்துவேன்.

இரண்டு மாதம் அலைந்து சாமான் சேர்த்தேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒருவர் திராட்சைப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார், அவரிடம் ஆறு கல் தூண். ஓசூரில் இடித்த ஒரு பழைய லைன் வீட்டிலிருந்து கதவும் ஜன்னலும். கூரைக்கு, எங்கேயோ கழற்றிய தகடு. மிச்சம் இருந்தது சுவர்தான். அதற்கு டிரம் தகடு என்று தீர்மானித்தேன். எங்கள் பக்கம் இது சாதாரணம். தொழிற்சாலைகளிலிருந்து ஆயிலும், மெஷினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும், பெயின்டும் வந்த இருநூறு லிட்டர் இரும்பு டிரம்கள் பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடக்கும். ஒரு டிரம்மின் மேல்முகம், கீழ்முகம் இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு நடுவில் பிளந்தால் நல்ல கனமான தகடு. கோழிக் கொட்டகை, பெட்டிக் கடை, கட்டட வேலைக்காரர்களின் கொட்டாய் எல்லாம் இதில்தான் நிற்கும்.

வெட்டி விரித்த தகடாகவே கடையில் கிடைக்கும். முழு டிரம்மாக வாங்கினால் இன்னும் மலிவு. நான் எதை வாங்கியிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு டிரம். கடைக்காரர் ஏற்றும்போதே சொன்னார்: "சார், இது கலந்துகட்டி வர்ற சரக்கு. எதுல என்னா இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. பாத்து வெட்டிக்கங்க." நான் தலையாட்டினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் தீப்பொறி பறக்கும் எந்த வேலைக்கும், ஒரு ஆணியை கிரைண்டரில் அறுப்பதற்குக்கூட, பெர்மிட் போட வேண்டும். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர், காவலுக்கு ஒரு ஆள், காற்றில் வாயு இருக்கிறதா என்று சோதனை. அந்தப் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிற இரண்டு பேரில் நான் ஒருவன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் வகுப்பும் எடுக்கிறேன். நிறைந்த டிரம்மை விடக் காலி டிரம்தான் ஆபத்து, உள்ளே தங்கியிருக்கும் ஆவி ஒரு பொறி பட்டால் வெடிக்கும், தண்ணீர் நிரப்பாமல் கிட்டேயே போகாதே என்று அந்த வகுப்பில் தொண்டை கிழியச் சொல்வேன். சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கே பாடம் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அதுதான் கொடுமை.

வெட்டுவதற்கு ஒரு வெல்டர் பாயை அழைத்திருந்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஓசூரில் கேட், கிரில் வேலை செய்பவர், இருபது வருட அனுபவம். எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுத் தந்ததும் அவர்தான். அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்ததும் இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கிளம்புவார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

காலை எட்டு மணிக்கே வெயில் உறைக்க ஆரம்பித்துவிட்டது. டிரம்கள் வண்டியில் வந்து இறங்கின. நானும் ஓட்டுநரும் உருட்டி இறக்கினோம், பாய் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து கரண்ட் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு நீல டிரம்மை நிமிர்த்தும்போது திறந்திருந்த வாயிலிருந்து குப்பென்று ஒரு வாடை வந்தது. தின்னர். பெயின்டில் கலக்கிற திரவம்; தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் தினமும் நுகர்கிற வாடைதான், எனக்கு அதில் சந்தேகமே வராது. இன்னொன்றிலும் லேசாக அடித்தது. இரண்டையும் தனியே ஓரமாகத் தள்ளி வைத்தேன். கடைசியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததாக ஞாபகம். உண்மையிலேயே நினைத்தேனா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது சத்தியமாகத் தெரியவில்லை.

ஒயரை மாட்டிவிட்டு வந்த பாய் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சார், ரெண்டு நாளா ஒரே சளி. மூக்கு அடச்சிருக்குது, எதுவும் தெரியல. இறக்கறப்ப எதுலயாச்சும் தின்னர் வாடை கீடை அடிச்சுதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாய். பூரா கூலன்ட் டிரம்முதான்" என்றேன்.

"எதுக்கும் தண்ணி ஊத்தி வெச்சு வெட்டிக்கலாமா? நாம தண்ணி ஊத்தாம வெட்டறதில்லைங்க."

அந்த வாரம் எங்கள் போர்வெல் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் மதியம் பன்னிரண்டுக்கு மேல்தான். பன்னிரண்டு டிரம்முக்கும் தண்ணீர் நிரப்பி, வெட்டி, கொட்டி என்று பார்த்தால் வேலை மறுநாளுக்குப் போகும். இன்னொரு நாள் கூலி. அதோடு ஒரு மணிக்கு மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்குப் போயாக வேண்டும், போகாவிட்டால் வீட்டில் ஒரு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இவ்வளவுதான் காரணம். ஒரு மனிதனின் கண்ணுக்கு ஈடாக வைக்கத் தகுந்த காரணமா இது?

"எங்க கம்பெனியிலயே தினம் பாக்கறது பாய். எனக்குத் தெரியாதா? தைரியமா வெட்டுங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதாங்க சார்" என்றார். கம்பெனியில் சேப்டி பார்க்கிறவன் சொல்கிறேன் என்று நம்பினார்.

நான்கு டிரம் கிரைண்டரில் அறுபட்டு, ஒரு குறையும் இல்லாமல் விரிந்தது. நான் கல் தூண்களுக்குக் குழி பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது பாய் ஓரத்துக்குப் போய், அதுவும் வெட்ட வேண்டியதுதானே என்று அந்த நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வருகிறார். பார்த்தேன். வேண்டாம் பாய், அதை விடுங்க என்று சொல்ல இரண்டு நொடி போதும். இப்போது போய்ச் சொன்னால், அப்போ வாடை அடித்ததா என்று கேட்பாரே, என்ன பதில் சொல்வது? வாய் திறந்துதானே கிடக்கிறது, எப்போதோ ஆவி போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு குழிக்குள் குனிந்தேன்.

வெடித்த சத்தம் பெரிதாகக் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை. நெஞ்சில் யாரோ உதைத்தது போல இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். காதில் ஙொய் என்ற இரைச்சல். டிரம்மின் மேல்முகம் பிய்த்துக்கொண்டு போய் பீன்ஸ் கொடிக்குள் கிடந்தது. போகிற வழியில் அவர் முகத்தில் அடித்துவிட்டுப் போயிருந்தது. கூலிங்கிளாஸ் ஒன்றுதான் போட்டிருந்தார், அது கண்ணுக்குள்ளேயே உடைந்திருந்தது. மல்லாந்து கிடந்தார். வலது பக்க முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. சட்டைக் கையில் தீ. நான் அதை என் கையாலேயே அடித்து அணைத்தேன்.

"யா அல்லா, சார், எனக்கு ஒண்ணும் தெரியல சார், கண்ணு தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரல் இன்றைக்கும் எனக்கு அப்படியே கேட்கிறது.

பக்கத்துத் தோட்டத்து அம்மா ஓடி வந்தார். தெலுங்கு பேசுகிறவர், தமிழ் அரைகுறை. என்னைப் போல நின்று உளறாமல், குடத்தோடு தண்ணீரைக் கொண்டு வந்து கையிலும் கழுத்திலும் ஊற்றினார், கண்ணில் யாரையும் கை வைக்க விடவில்லை. அவர் மகனுக்குத் தெரிந்த குட்டியானை வண்டி ஒன்று மண் பாதையில் தக்காளி ஏற்றிக்கொண்டு நின்றது. அந்த ஓட்டுநர் யார் எவர் என்றுகூடக் கேட்கவில்லை. பாதிப் பெட்டிகளை வழியிலேயே இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். ஓசூர் வரைக்கும் பாயின் தலை என் மடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்துகொண்டே டாக்டர் கேட்டார், எப்படி ஆச்சு என்று. போலீஸுக்கு எழுதி அனுப்ப வேண்டும், சரியாகச் சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் கிடந்தவர் சொன்னார்: "என் தப்புதாங்க டாக்டர். தண்ணி ஊத்தாம வெட்டிட்டேன். சளி புடிச்ச மூக்க வெச்சுக்கிட்டு டிரம்மு வேலைக்கே வந்திருக்கக் கூடாது. சார் மேல ஒண்ணும் இல்லைங்க, பாவம், அவருக்கு வாடை தெரியல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த வாக்கியம் அப்படியே எழுதப்பட்டது. நான் தொழிற்சாலையின் சேப்டி கமிட்டியில் இருப்பவன், விஷயம் வெளியே போனால் வேலை போகும், மகள் காலேஜில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் மின்னல் மாதிரி ஓடியது. அந்த மனிதர் வலியில் துடித்துக்கொண்டே என்னைக் காப்பாற்றினார், நான் காப்பாற்றப்பட்டுக்கொண்டு நின்றேன்.

பெங்களூருக்குக் கொண்டு போனோம். வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கையில் தீக்காயம் ஆறிவிட்டது. செலவை நான் பார்த்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சொந்தக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்றார்கள். மனைவிகூட என்னைப் பற்றி அக்கம்பக்கத்தில் பெருமையாகப் பேசினாள்.

அதன் பிறகு மாதம் ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய்விட்டு வருவேன். பழம், பிஸ்கட் ஏதாவது வாங்கிப் போவேன். முதல் இரண்டு மூன்று மாதம் உடம்பு தேறவில்லை, வேலைக்குப் போகவில்லை, சரி. நான்காம் மாதம் டாக்டர், ஒரு கண்ணை வைத்துக்கொண்டே தாராளமாக வேலை செய்யலாம், கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்போதும் அவர் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே நாற்காலி, அதே சுவர். எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

அக்டோபரில் ஒரு நாள் போயிருந்தேன். அவர் மனைவி டீ கொண்டு வந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அந்த அக்கா அதுவரைக்கும் என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"நீங்களாச்சும் சொல்லுங்க சார். பட்டறைக்காரங்க வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போறாங்க. இவரு கிரைண்டரத் தொட மாட்டேங்கறாரு. தொட்டா கை நடுங்குதாம். இருவது வருஷம் பண்ணுன வேலை, ஒரு டிரம்முல தப்பு வுட்டேனே, இனிமே என்னிய நம்பி எவன் வேலை குடுப்பான், எனக்கே என் மேல நம்பிக்கை இல்லன்னு இதையே சொல்றாரு. ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, தண்ணி ஊத்தியிருக்கணும், தண்ணி ஊத்தியிருக்கணும்னு தனியாப் பேசறாரு."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "விடு, சார்கிட்டப் போயி இதெல்லாம்" என்றார்.

ஒரு கண் போனதுதான் நஷ்டம் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். இங்கே ஒரு வேலைக்காரன் தன் கையையே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறான். அதற்குக் காரணமான பொய் என் வாயில் ஏழு மாதமாகப் பத்திரமாக இருக்கிறது. டீயைக் கீழே வைத்தேன்.

"பாய், அது உங்க தப்பு இல்ல. அந்த டிரம்முல தின்னர் வாடை அடிச்சுது. எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்தார். இருக்கிற ஒரு கண்ணால் என்னையே பார்த்தார். "வெடிச்ச பொறவா?"

"இல்ல. இறக்கும்போதே. அதனாலதான் ஓரமா வெச்சேன். நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னேன்."

"நான் கேட்டனே சார்."

"ஆமா பாய்."

"தண்ணி ஊத்திக்கலாமான்னும் கேட்டேன்."

"கேட்டீங்க. நான்தான் வேண்டாம்னேன்."

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவும் இல்லை. அவருடைய கைகள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டன. அந்த அக்காதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"கண்ணு போனது கூட சரிங்க சார்" என்றார் பாய். "அது எப்படியோ ஆயிருச்சு. அவசரம், எல்லாருக்கும் வர்றதுதான். ஆஸ்பத்திரியில நான் எல்லாத்தையும் என் மேல போட்டுக்கிட்டப்ப, பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான இருந்தீங்க? மாசாமாசம் வந்து இந்த நாற்காலியில உக்காந்து டீ குடிச்சிட்டுத்தான போனீங்க? ஏழு மாசமா என்னிய நானே செருப்பால அடிச்சுக்கிட்டு இருக்கேன் சார். ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு ஏழு மாசமா?"

மன்னிச்சிடுங்க பாய் என்றேன். அது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"எந்திரிங்க சார். இனிமே இங்க வராதீங்க" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். வாங்கிப் போன பழப் பையை அந்த அக்கா வாசல் வரைக்கும் எடுத்து வந்து என் கையிலேயே திரும்பக் கொடுத்தார். அன்றைக்கே வீட்டில் மனைவியிடம் சொன்னேன், மறுநாள் தொழிற்சாலையிலும் சொன்னேன். வேலை போகவில்லை, சேப்டி கமிட்டியிலிருந்து மட்டும் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது மனைவி, "ஆஸ்பத்திரியில பாய் வீட்டு அக்கா என் கையப் புடிச்சு அழுதப்ப நானும் சேந்து அழுதேன், நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க" என்றாள்.

ஆறு வாரம் போயிருக்கும். ஒரு வேலையாக ஓசூரில் ஒரு கேட் செய்யும் பட்டறையைத் தாண்டிப் போனேன். அதற்கு நேர் எதிரே சிக்னலில் வண்டி நின்றது. பட்டறை வாசலில், முகத்தை மூடிய கவசத்தோடு ஒருவர் உட்கார்ந்து ஒரு பெரிய இரும்புச் சட்டத்தை கிரைண்டரால் அறுத்துக்கொண்டிருந்தார். கை நடுங்காமல், கோடு பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. அறுத்து முடித்துவிட்டு கவசத்தைத் தூக்கினார். பாய்தான். எதிரே என்னைப் பார்த்தார். ஒரு நொடி பார்த்துவிட்டு, தெரியாத ஆளைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்த கம்பியை எடுத்து வைத்தார். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அவர் என்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கை நடுங்காமல் இருப்பதற்கு நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டிருக்கிறது என்றால், அதை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாமே என்ற எண்ணம்தான், போன கண்ணை விடவும் அதிகமாக, இன்றைக்கும் என்னைத் தூங்க விடாமல் அறுக்கிறது.